கேள்வி – பதில்: மரபணுத் தரவும் வாடகைக் கணினியும்

கேள்வி: அக்கா, பினாங்கு குளுகோரில் முதுகலை படிக்கிறேன். மனிதச் செல்களின் ஆர்.என்.ஏ தரவை அலச வேண்டும். என் மடிக்கணினியில் 8 ஜிபி ராம்தான், ஆர்.என்.ஏ துணுக்குகளை மரபணுத் தொகுதியோடு பொருத்திப் பார்க்கும் ஸ்டார் மென்பொருளை ஓட்டினால் அப்படியே நின்றுவிடுகிறது. அடுத்த மாதம் இளநிலை மாணவர்கள் 30 பேருக்குப் பயிற்சியும் நடத்த வேண்டுமாம். கிளவுடில் கணினி வாடகைக்கு எடுத்துவிடலாமா?

பதில்: தம்பி, அவசரப்பட்டு கிரெடிட் கார்டை வெளியே எடுக்காதீர்கள். மடிக்கணினி மேல் குற்றமில்லை. மனித மரபணுத் தொகுதியை ஏற்றிவைக்கவே ஸ்டார் ஏறக்குறைய 30 ஜிபி ராம் கேட்கும். முதலில், உயிரியல் தரவை இணையத்திலேயே அலச உதவும் கேலக்சி தளத்தில் ஒரு கணக்கு திறங்கள். அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா மூன்றிலும் அதன் பொதுச் சர்வர்கள் இருக்கின்றன, பிரவுசர் இருந்தால் போதும், ஸ்டார் அங்கேயே நிறுவியிருக்கும், காசும் கிடையாது. சில சமயம் வரிசையில் காத்திருக்க நேரும், அவ்வளவுதான்.

பயிற்சிக்கும் அதுவே போதும் என்பேன். ஆனால் 30 பேரும் ஒரே நேரத்தில் வேலையை அனுப்பினால் பாதிப் பேர் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐரோப்பிய கேலக்சியில் பயிற்சி வகுப்புகளுக்கென்றே தனி வரிசை இலவசமாக ஒதுக்கித் தருகிறார்கள், முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அடுத்த மாதம் என்றால் இன்றைக்கே அனுப்புங்கள். முழுத் தரவு வேண்டாம், ஒரு குரோமோசோம் அளவுக்கு வெட்டிய தரவு போதும்.

சொந்த ஸ்கிரிப்ட், நிறைய மாதிரிகள் என்று வரும்போது வாடகைக்குப் போகலாம். அங்கேதான் கவனம். டாக்சியை வாசலில் நிறுத்திவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போன மாதிரி, வேலை முடிந்தும் மீட்டர் ஓடும். கணினியை நிறுத்தினாலும் அதோடு இணைத்த டிஸ்குக்கு வாடகை உண்டு, தேவையில்லையென்றால் அழித்துவிடுங்கள். பட்ஜெட் எச்சரிக்கை வைத்தால் மின்னஞ்சல் வரும், செலவு தானாக நிற்காது! தரவை ஏற்றப் பெரும்பாலும் கட்டணமில்லை, இறக்கத்தான் உண்டு, அதனால் பெரிய கோப்புகளை அங்கேயே விட்டுவிட்டு ஒவ்வொரு ஜீனுக்கும் எத்தனை துணுக்குகள் என்று காட்டும் எண்ணிக்கை அட்டவணையை மட்டும் கொண்டுவாருங்கள், அது சில எம்பிதான். அமேசான் கிளவுடில் ஸ்பாட் கணினி, அதாவது அவர்களிடம் சும்மா கிடக்கும் உபரிக் கணினி, மலிவு, ஆனால் 2 நிமிட முன்னறிவிப்பில் பறித்துக்கொள்வார்கள், பாதியிலிருந்து தொடரக்கூடிய வேலைக்கே அது சரிப்படும்.

அப்புறம், உங்கள் மாதிரிகள் நோயாளிகளிடமிருந்து வந்தவையா என்று எழுதவில்லை. அப்படியென்றால் பெயரை நீக்கிவிட்டோம் என்பது சாக்காகாது, மரபணு வரிசையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அமேசான் 2024-இல் மலேசியாவிலேயே தரவு மையங்களைத் திறந்திருக்கிறது, நாட்டுக்குள்ளேயே வைக்கலாம்தான், ஆனாலும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கைக்கு வரும்வரை கேலக்சி உட்பட எங்கேயும் ஏற்றாதீர்கள்.