நுணுக்குக்காட்டியின் முன் அமர மனம் வருமா?

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படித்தேன், மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் எனக்குப் பொருந்துமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், மருத்துவ பீடம் கைநழுவியதை மட்டும் காரணமாக வைத்து இத்துறைக்குள் நுழையாதீர்கள். யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இதற்கு 4 ஆண்டுச் சிறப்புப் பட்டம் உண்டு. பணியாற்ற இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். இவற்றை விசாரித்து அறியலாம். மனம் பொருந்துமா என்பதே கடினமான கேள்வி.

மாரி மழையோடு மட்டக்களப்பில் டெங்கு பெருகும் நாளொன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளையின் குருதிச் சிறுதட்டு (குருதி உறைய உதவும் நுண்துணிக்கை; டெங்கில் இது குறையும்) எண்ணிக்கை ஒரு மைக்ரோலீற்றருக்கு 40,000 என்று இயந்திரம் காட்டுகிறது. இயல்பான அளவோ 150,000க்கு மேல். குழாயில் இடப்பட்ட உறைதடுப்பியால் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருந்தாலும் இயந்திரம் குறைத்தே எண்ணும். ஆகவே, குழாயில் கட்டி உறைந்திருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைப் பரப்பிச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் அப்பரப்பின் ஓரங்களில் திரண்ட சிறுதட்டுகள் உண்டா என்று தேடிய பின்னரே அறிக்கையில் ஒப்பமிட வேண்டும். வரிசையில் இன்னும் பல குழாய்கள் காத்திருக்கும்போதும் இந்தப் பொறுமை உங்களிடம் இருக்குமா?

நோயாளியோடு பேசிப் பழகுவதிலேயே உங்களுக்கு நிறைவு என்றால், தாதியர் துறையையோ இயன்மருத்துவத்தையோ யோசியுங்கள். இங்கே நோயாளி பெரும்பாலும் உங்கள் முகத்தையே அறியமாட்டார். இரவுப் பணியும் உண்டு; வீட்டாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். விண்ணப்பிக்குமுன், அருகிலுள்ள வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் அனுமதி பெற்று ஒரு முழுநாள் இருந்து பாருங்கள்; காலையை விட, கண் களைக்கும் பிற்பகலைக் கவனியுங்கள்.