ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு நாட்டோகைனேஸ் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. ஐந்து மாதம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் சாப்பிடுகிறார். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா, ரத்தக்கட்டியைக் கரைக்கும் இயற்கை என்சைம் என்று நாட்டோகைனேஸ் அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதைவிட முக்கியமாக, இதை நம்பி குளோபிடோக்ரெலை ஒரு வேளைகூட நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் அதை விட்டால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம்.

நாட்டோ என்பது ஜப்பானியர்கள் சோற்றோடு சாப்பிடும், நொதிக்க வைத்த சோயா. அதிலிருக்கும் என்சைம், ரத்தக்கட்டியைப் பிணைத்து வைக்கும் ஃபைப்ரின் என்ற புரதத்தைக் கரைக்கிறது என்று 1980-களில் கண்டறிந்தவர் ஹிரோயுகி சுமி. அது உண்மைதான். ஆனால் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் கரைத்தது, வயிற்றைத் தாண்டி இதயக் குழாய்க்குப் போயும் அதே வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது. 2008-ல் கொரியாவில் 86 பேரிடம் எட்டு வாரம் பார்த்ததில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் சுமார் 5 புள்ளி குறைந்தது. 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வு இன்னும் கனமானது: 265 பேர், தினமும் 2000 யூனிட், ஏறத்தாழ மூன்று வருடம். கழுத்து ரத்தக்குழாய்ச் சுவர் தடிப்பதில் மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை, ரத்த அழுத்தத்திலும் இல்லை. அவர்களும் இதய நோய் இல்லாதவர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு மாரடைப்பைத் தடுக்கும் என்று காட்டிய பெரிய ஆய்வு கிடையாது.

ஆபத்து எங்கே என்றால், அப்பா ஏற்கெனவே ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். மூன்றாவதாக இதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். ஆஸ்பிரினோடு நாட்டோகைனேஸ் எடுத்த ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. செயற்கை வால்வு வைத்த இன்னொருவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை விட்டுவிட்டு இதை எடுத்தார், வால்வில் ரத்தம் கட்டிவிட்டது. இரண்டும் தனித்தனி நோயாளிகள்தான், ஆனாலும் அப்பா விஷயத்தில் எனக்கு அது போதும்.

இதய நோய் இல்லாத, வேறு மாத்திரை எதுவும் எடுக்காத ஒருவர் கேட்டால் இவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். அவரும் லேபிளில் மில்லிகிராமை மட்டும் பார்க்கக்கூடாது, எஃப்.யூ. என்ற யூனிட் போட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். என்சைமின் வீரியம் அதில்தான் தெரியும்.

ஏற்கெனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால் இன்றே இதை மட்டும் நிறுத்துங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஈறில் ரத்தம் கசிந்தால் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம், பாட்டிலைத் தூக்கி எறியாமல் அடுத்த செக்கப்புக்கு எடுத்துப்போய் அவரிடம் காட்டுங்கள்.