முதல் படப் புத்தகத்துக்கு வரைய எந்த டேப்லட் வாங்கலாம்?

கேள்வி: இத்தனை நாளும் வாட்டர் கலரில்தான் வரைந்திருக்கிறேன். முதன்முறையாக ஒரு குழந்தைகள் கதைப் புத்தகத்துக்குப் படம் வரைய வாய்ப்பு வந்திருக்கிறது. படங்களை டிஜிட்டலாகத் தரச் சொல்கிறார்கள். வீட்டில் சாதாரண கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. திரையுள்ள பெரிய டேப்லட் இல்லாமல் முடியவே முடியாது என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: இல்லை. முதல் புத்தகத்துக்குத் திரை இல்லாத டேப்லட்டே போதும், அதாவது கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரைகிற பலகை. கை மேசையில் ஓடும், கண் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும். முதல் சில நாள் கோடு எங்கோ போகும். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். பேட்டரி இல்லாத பேனாவோடு வருகிற மாடலாகப் பாருங்கள், சார்ஜ் போடும் தொல்லை இருக்காது. பெட்டியின் மேல் 8192 அழுத்த நிலைகள் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பேனாவை அழுத்துவதை அது எத்தனை படியாக உணரும் என்பதுதான் அந்த எண். 4096க்கும் 8192க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பேனா முனை தேயக்கூடியது. மாற்று முனைகள் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டே வாங்குங்கள்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் பதிப்பகத்திடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: புத்தகத்தின் அளவு என்ன? அச்சுக்குப் போகிற படத்தில் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்க வேண்டும். பக்கம் எட்டரை அங்குலச் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். விரித்த இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் என்றால் அகலம் 17 அங்குலம். ஓரம் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமலிருக்கச் சுற்றிலும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாக வரைய வேண்டும். கணக்குப் போட்டால் 5175க்கு 2625 பிக்சல் வருகிறது. இந்த அளவில் இருபது லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வரைகிற அடுக்குகள்) வைத்தால் உங்கள் கம்ப்யூட்டர் திணறுமா? இதை டேப்லட் இல்லாமலே, மவுஸை வைத்தே சோதித்துவிடலாம். கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசம், இன்றைக்கே இறக்கிப் பாருங்கள். திணறினால், டேப்லட்டுக்கு முன்பு கம்ப்யூட்டரின் ராமை (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகத்தை) கூட்டப் பாருங்கள்.

என் முதல் புத்தகத்தில் நான் இதைக் கேட்கவில்லை. திரையில் பார்க்க நன்றாக இருந்த அளவிலேயே வரைந்துவிட்டேன். அச்சு மாதிரி வந்தபோது குழந்தைகளின் முகமெல்லாம் மங்கல். சிறிதாக வரைந்ததைப் பிறகு பெரிதாக்கினால் தெளிவு கிடைக்காது. பன்னிரண்டு பக்கங்களை மறுபடி வரைந்தேன். உங்களுக்கு அப்படி நேரக்கூடாது என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

அப்புறம், வாட்டர் கலரை எதற்கு விட வேண்டும்? டிஜிட்டலாக என்று அவர்கள் கேட்பது கோப்பு மட்டும்தானா என்று விசாரியுங்கள். பல நேரம் அவ்வளவுதான். தாளில் வரைந்து, நல்ல ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கேன் செய்து, கறையையும் தாளின் மஞ்சளையும் கிரிட்டாவில் சரிசெய்து கொடுக்கலாம். ஈரத் தாளில் வண்ணம் தானாகப் பரவி நிற்கிற அழகு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. போன் கேமராவில் மட்டும் எடுக்காதீர்கள். வெளிச்சம் ஒரு பக்கம் தூக்கும், ஓரங்கள் வளையும்.

கேள்வி: ஐபேட் வாங்கி புரோகிரியேட் என்ற வரையும் செயலியில் வரைய ஆசை. விலை குறைவான ஆப்பிள் பென்சில் போதுமா?

பதில்: பெயரைப் பார்த்து வாங்குங்கள். 2023இல் வந்த யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலுக்கு அழுத்தத்தை உணரும் வசதி கிடையாது. குறிப்பெடுக்க நல்லது, மெல்லத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு என்று வரைய நினைப்பவருக்கு அது உதவாது. எல்லாப் பென்சிலும் எல்லா ஐபேடிலும் வேலை செய்யாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பென்சிலை முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒத்துப்போகிற ஐபேடைத் தேடுவதே நல்லது. பழைய ஐபேடை வாங்கும்போது இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

புரோகிரியேட்டுக்கு ஒரு தடவை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. ஆனால் படம் பெரிதாகப் பெரிதாக அது அனுமதிக்கிற லேயர் எண்ணிக்கை குறையும், அதுவும் ஐபேடின் ராமைப் பொறுத்தது. தெரிந்தவர் யாரிடமாவது அதே மாடல் இருந்தால் உங்கள் புத்தக அளவைக் கொடுத்துப் பாருங்கள், எத்தனை லேயர் கிடைக்கும் என்று அங்கேயே காட்டும். சேமிப்பு இடத்துக்கு அதிகப் பணம் போடுவதைவிட ராம் அதிகமுள்ள மாடலுக்குப் போடுவது மேல்.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருக்கும் பச்சை, அச்சில் மங்கிப்போகிறது. விலை உயர்ந்த மானிட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. பளீர் பச்சையும் மின்னும் நீலமும் அந்த மைகளுக்கு எட்டாதவை. நல்ல மானிட்டரால் அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே பார்க்க முடியும், அவ்வளவுதான். அச்சகத்திடம் அவர்களுடைய சிஎம்ஒய்கே வண்ண அமைப்பை, அதாவது அந்த நான்கு மைகளுக்கான நிறக் கோப்பை, கேட்டு வாங்கி, படம் தொடங்கும்போதே அதை வரையும் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். மானிட்டருக்கு வைத்த பணத்தில் கொஞ்சம் எடுத்து, நிறம் அதிகமுள்ள இரண்டு பக்கங்களை அதே அச்சகத்தில், அதே தாளில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.