31 வீடுகளை ஏன் விட்டீர்கள்?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குச் சுற்றுச்சுவரும் இல்லை, கழிப்பறையும் இல்லை. நமக்கு நாமே திட்டத்தில் மனு கொடுத்தோம். எஸ்டிமேட் 6 லட்சம், ஊர்ப் பங்கு 2 லட்சம், மீதி அரசாங்கம் தரும். நானும் மாமனாரும் ரசீது போட்டு 57 வீடுகளில் 1,38,000 ரூபாய் வசூலித்துவிட்டோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியில் 31 வீடுகள். கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவர்கள், பாவம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பள்ளியில் படிக்கிற 34 பிள்ளைகளில் 26 பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். பணம் கொடுத்தவர்கள் பெயரைக் கல்வெட்டில் போடப் போகிறோம். மீதி 62,000-க்கு, என் அம்மா என் மகளுக்குப் போட்ட சங்கிலியை அடகு வைக்கலாம் என்றால் கணவர் சண்டைக்கு வருகிறார். நல்ல காரியத்துக்குத் தடை போடுகிறவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

- பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. அந்தச் சங்கிலி உங்களுடையதே இல்லை, பாட்டி பேத்திக்குப் போட்டது. ஊருக்குச் செய்கிறேன் என்று பிள்ளையின் கழுத்தில் இருப்பதைக் கழற்றுவதை நான் தர்மமாக நினைக்கவில்லை. நகைப் பேச்சு இதோடு முடிந்தது.

இப்போது, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன். 31 வீடுகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டீர்களாம். 34 பிள்ளைகளில் 26 பேர் அந்த வீட்டுப் பிள்ளைகள். மறைவு இல்லாமல் வெட்டவெளியில் ஒதுங்குவது பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான். அப்படியிருக்க, அவர்களைப் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்தக் காரியத்தை எப்படி ஊர்க் காரியம் என்கிறீர்கள்?

எனக்கு எட்டு வயது இருக்கும்போது எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூல் நடந்தது. சேரியிலிருந்து ஒரு பெரியவர் வந்து, வேட்டி மடிப்பிலிருந்து நாலைந்து நோட்டுகளை எடுத்து நீட்டினார். சுருட்டிச் சுருட்டி நனைந்துபோன நோட்டுகள். வசூல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், "உங்களுக்கு எதுக்குப்பா வரி, வச்சுக்கிட்டுப் போ" என்றார். குரலில் கோபமே இல்லை, அன்பாகத்தான் சொன்னார். பெரியவர் அந்த நோட்டுகளைத் திரும்ப மடியில் சுருட்டி வைத்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வரி வாங்காத வீட்டுக்குத் திருவிழாவில் மரியாதை கிடையாது, கூட்டத்தில் பேச்சு கிடையாது. இது உங்கள் மாமனாருக்கு நன்றாகவே தெரியும், கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தங்கச்சி. ஆனால் செய்தது அதேதான்.

நமக்கு நாமே திட்டம் 1997-ல் வந்தது. 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயரிலேயே திரும்பியது. மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வசிக்கும் பகுதி என்றால் ஐந்தில் ஒன்று போதும். நன்றாகக் கவனியுங்கள். அவர்களிடம் பங்கே வாங்காதே என்று அரசாங்கம் சொல்லவில்லை. முடிந்த அளவுக்குக் குறைத்துக் கேட்கிறது. கல்யாண வீட்டில் ஐம்பது ரூபாய் மொய் வைத்தாலும் ஊரும் பேரும் போட்டு நோட்டில் எழுதத்தானே செய்கிறோம்? அதே போலத்தான் இதுவும்.

அப்புறம் அந்தக் கல்வெட்டு. தினமும் காலையில் 26 பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் உள்ளே போகும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்க்கும். 57 பெயரில் ஒன்றுகூட அதன் அப்பா பெயராக இருக்காது. அந்தப் பிள்ளைக்கு அங்கே வேறு பாடம் எதுவும் நடத்த வேண்டியதில்லை.

பணத்துக்கு வழி சொல்கிறேன். ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளரைப் பார்த்து எஸ்டிமேட்டைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். கழிப்பறையும் ரோட்டைப் பார்த்த பக்கத்துச் சுவரும் இப்போது, பின்பக்கச் சுவர் அடுத்த முறை. நாலரை லட்சத்துக்குள் வந்தால் உங்கள் பங்கு 1,50,000. கையில் 1,38,000 இருக்கிறது. குறைவது 12,000 ரூபாய். அதை 31 வீட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 400 ரூபாய்கூட வராது. முடிந்தவர் 500 கொடுப்பார், முடியாதவர் 100 கொடுப்பார். எவ்வளவு கொடுத்தாலும் அதே ரசீதுப் புத்தகத்தில், அதே மாதிரி எழுதுங்கள். எஸ்டிமேட்டில் தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாத பள்ளிக் கழிப்பறை ஆறே மாதத்தில் பூட்டுப் போட்டுக் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்கள் பள்ளிக் கணக்கைப் பார்த்தால் அதில் பெரும்பாலும் காலனி அம்மாக்கள்தான் இருக்க வேண்டும். கழிப்பறை எந்த மூலையில் வந்தால் பெண் பிள்ளைகள் கூச்சமில்லாமல் போவார்கள் என்று அவர்களில் ஒருவரையாவது கேட்டீர்களா? கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காண்டிராக்டர் அஸ்திவாரத்துக்கு வானம் எத்தனை அடி தோண்டுகிறார், கலவையில் சிமெண்ட் சரியாகப் போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல உங்கள் 57 வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த 31 வீட்டில் கொத்தனாரும் இருப்பார், சித்தாளும் இருப்பார். அவர்களைத்தான் பாவம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்.

ஆளனுப்பி வசூலிக்காதீர்கள், நீங்களே போங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வர வேண்டும். இத்தனை நாள் கேட்காமல் விட்டது தப்பு என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் ரசீதுப் புத்தகத்தை எடுங்கள். யாராவது கோபமாக நாலு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் இரண்டு பேரும் வாங்கிக் குடியுங்கள்.