ஊருக்குப் போறீங்க சரி, நாய்க்கு யாரு கையெழுத்து போடுவா? (கேள்வி-பதில்)

மே மாசம் வந்தா இந்தப் பகுதிக்கு ஏசி, இன்வெர்ட்டர், வாட்டர் ப்யூரிஃபையர்னுதான் கேள்வி வந்து குவியும். இந்த தடவ பாதிக்கு மேல நாய், பூனை, நடுவுல ஒரு மாடு. நாம ஊர்ல இல்லாதப்ப நம்ம பிராணிக்கு உடம்பு முடியாம போனா, டாக்டர்கிட்ட "சரி, பண்ணுங்க"ன்னு சொல்ற அதிகாரம் யாருக்கு, பில்லு யாரு தலையில? கடிதங்கள சுருக்கியிருக்கேன். திட்டினதெல்லாம் வெட்டிட்டேன்.

கேள்வி: மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போறேன், ஆறு மாசம் ஆகும். ஒன்பது வயசு லேப்ரடார தம்பி வீட்ல விடுறேன். ஆபரேஷன்னா ஓனர் கையெழுத்து வேணும்னு க்ளினிக்ல சொல்றாங்க. தம்பிக்கு பவர் எழுதிக் குடுக்கணுமா? வேளச்சேரி வாசகி

வேண்டாம்மா. பவர் பத்திரம், நோட்டரின்னு அலைய இது மனை விக்கிற விஷயம் இல்ல. ஒரு வெள்ளப் பேப்பர்ல நீங்க கைப்பட எழுதி கையெழுத்து போட்டு, ஒரு காப்பி தம்பிகிட்ட, ஒரு காப்பி க்ளினிக் ஃபைல்ல, ஒரு போட்டோ உங்க போன்ல. ஆனா அதுல என்ன எழுதுறீங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு. "என் தம்பி எல்லா முடிவும் எடுக்கலாம்"னு மட்டும் எழுதினா அது ஒன்னுத்துக்கும் ஆகாது, ஏன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டர் ஒரு பெரிய தொகைய சொல்லி ஆபரேஷன் பண்ணலாமான்னு கேட்டா தம்பி முழிப்பாரு, அக்கா திட்டுவாளோன்னு யோசிப்பாரு, யோசிக்கிற அந்த நேரத்துலதான் நாய் போயிடும். லேப் மாதிரி பெரிய நாய்ங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கிற வியாதி ஒன்னு உண்டு, வந்தா சில மணி நேரம்தான் டைம். அங்க நீங்க போன சைலன்ட்ல போட்டு தூங்கிட்டு இருந்தா?

அதனால தொகைய எழுதுங்க. "40,000 ரூபா வரைக்கும் என்ன கேக்க வேண்டாம், அதுக்கு மேலன்னா இந்த நம்பர், எடுக்கலேன்னா மாப்பிள்ள நம்பர், ரெண்டும் எடுக்கலேன்னா தம்பியும் டாக்டரும் சேந்து முடிவு பண்ணட்டும்." தொகை உங்க சௌகரியம், பத்தாயிரமா இருந்தாலும் தப்பில்ல, எழுதாம இருக்கிறதுதான் தப்பு. மயக்க மருந்துக்கு சம்மதமா, ஆபரேஷனுக்கு சம்மதமா, ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. அப்புறம் யாரும் எழுத விரும்பாத வரி: பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டா ஊசி போட்டு வலியில்லாம அனுப்பிடலாமா, கூடாதா. இத எழுதாம போனீங்கன்னா அந்த பாரத்த தம்பி தலையில வச்சுட்டு போறீங்கன்னு அர்த்தம், அவரு எத செஞ்சாலும் ஆயுசுக்கும் உங்க வீட்ல அது ஒரு பேச்சா ஓடும். நாயோட எடை, ஒத்துக்காத மருந்து, தடுப்பூசி தேதி, மைக்ரோசிப் நம்பர், எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்னு எல்லாம் அதே பேப்பர்ல.

கடைசி வரி "செலவு முழுக்க என் பொறுப்பு". அட்மிஷன் ஃபார்ம்ல யாரு கையெழுத்து போட்டாங்களோ அவங்கள்ட்டதான் ஆஸ்பத்திரி காசு கேக்கும். உங்களுக்காக செலவு பண்ணவருக்கு நீங்க திருப்பித் தரணும்னு 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துலயே இருக்கு, இருந்தாலும் தம்பி கிட்ட சட்டம் பேசிட்டா இருக்க முடியும், கிளம்புறதுக்கு முன்னாடி அவரு அக்கவுன்ட்ல கொஞ்சம் போட்டுட்டு போங்க.

கேள்வி: வாட்ஸ்அப்ல மெசேஜ் அனுப்பினா பத்தாதா சார்? கோவை

தொகையும் பேரும் தேதியும் இருந்தா பத்தும். தம்ஸ்-அப் எமோஜி பத்தாது.

கேள்வி: ஈசிஆர் பக்கம் நாய்ங்கள காசுக்கு தங்க வச்சுப் பாத்துக்கிற ஒரு போர்டிங்ல எங்க பீகிள் நாய விட்டுட்டு அஞ்சு நாள் ஊட்டி போனோம். ரெண்டாவது நாள்லேர்ந்து அது சாப்பிடல, எங்களுக்கு சொல்லவே இல்ல. நாலாவது நாள் அவங்களா அவங்க டை-அப் ஆஸ்பத்திரில சேத்து, உண்ணிக் காய்ச்சல்னு 46,000 பில். கட்டினாதான் நாய தருவோம்கிறாங்க. ஃபார்ம்ல நீங்கதான் அதிகாரம் குடுத்தீங்கன்னு காட்டுறாங்க. கட்டணுமா? பெரும்பாக்கம்

படிச்சதும் வயிறு எரிஞ்சுது. மொதல்ல நாய வெளிய எடுங்க, சண்டை அப்புறம். வேலை செஞ்ச கூலி வர்ற வரைக்கும் பொருள கையில வச்சுக்கிற உரிமை அதே ஒப்பந்தச் சட்டத்துல உண்டு, சட்டத்துக்கு முன்னாடி நம்ம நாயும் ஒரு பொருள்தான், கசப்பா இருந்தாலும் அதான் நெலம, அதனால வைத்தியம் பாத்த டாக்டர்கிட்ட போய் வாசல்ல கத்தி பிரயோஜனம் இல்ல. காச ஆன்லைன்ல கட்டுங்க, ரொக்கம் வேண்டாம். பில்லுலயே "ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்"னு எழுதி போட்டோ எடுங்க. கேஸ் ஷீட், ரத்த டெஸ்ட் ரிப்போர்ட், என்ன மருந்து எந்த நேரத்துல குடுத்தாங்க, டாக்டர் பேரு, ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் எல்லாம் கேட்டு வாங்குங்க. கால்நடை மருத்துவ கவுன்சில்ல பதிவு இல்லாதவங்க வைத்தியம் பாக்கவே கூடாது, 1984-லயே சட்டம் வந்தாச்சு. டாக்டர் மேல புகார்னா அந்த கவுன்சிலுக்கு. காசு திரும்ப வேணும்னா நுகர்வோர் ஆணையம், நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வக்கீலும் கட்டாயம் இல்ல. அதுக்கு முன்னாடி 1915-ங்கிற தேசிய நுகர்வோர் உதவி நம்பருக்கு போன் போட்டு பதிவு பண்ணுங்க, சில கடைக்காரங்க அதுலயே எறங்கி வந்துடுவாங்க.

இப்ப அந்த ஃபார்ம் சமாச்சாரம். நீங்க அனுப்பின போட்டோவ பெருசு பண்ணிப் படிச்சேன். மூணாவது வரில "அனைத்து மருத்துவ முடிவுகளுக்கும் நிர்வாகத்திற்கு முழு அதிகாரம் அளிக்கிறேன்." ஏழாவது வரில "எந்த இழப்புக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல." முழு அதிகாரம், ஆனா பொறுப்பு துளி கிடையாது! என்ன கல்யாண சத்திரத்து செருப்பு ஸ்டாண்டா இது? அதிகாரம் வாங்கினவன் உங்களுக்காக வேலை செய்யறவன், அவன் கண்ட இஷ்டத்துக்கு இருக்க முடியாது. சாதாரண புத்தி உள்ள மனுஷன் தன் சொந்த பொருள எப்படி பாத்துக்குவானோ அப்படி பாத்துக்கணும். ஆபத்து சமயத்துல உங்கள கேக்காம முடிவெடுக்கலாம்னு சட்டம் அவனுக்கு எடம் குடுக்குது, சரி, ஆனா அது ஆபத்துக்கு, ரெண்டு நாள் பட்டினியா கெடந்த நாய வேடிக்கை பாத்துட்டு நாலாவது நாள் எடுத்துட்டு ஓடுறதுக்கு இல்ல. ரெண்டாவது நாள் ஒரு போன் பண்ண என்ன கேடு? உங்க பேர சொல்லி வேலை செய்யறவன் உங்களுக்குத் தெரியாம அதுல தனக்கு லாபம் பாத்தா அத நீங்க திருப்பிக் கேக்கலாம், இதுவும் சட்டத்துலயே இருக்கு. அதனால அந்த டை-அப் ஆஸ்பத்திரிலேர்ந்து போர்டிங்காரங்களுக்கு கமிஷன் போகுதான்னு எழுத்துல கேளுங்க. பதில் வராட்டியும் நீங்க கேட்டது ரெக்கார்ட்ல இருக்கும்.

"பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி இருக்குங்கிறதுக்காக யாரும் பயந்துட்டு இருக்க வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டத்துல நியாயமில்லாத ஒப்பந்தம்னு தனியாவே ஒரு பிரிவு வச்சிருக்காங்க, ஒரு பக்கத்துக்கே சாதகமா எழுதின இந்த மாதிரி ஃபார்முக்குத்தான் அது. மத்தவங்களுக்கு: அடுத்த தடவ கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பேனாவ எடுத்து அந்த வரிய அடிங்க, பக்கத்துல "5,000-க்கு மேல என்னக் கேட்டுத்தான், சாப்பிடலேன்னா அன்னிக்கே போன், எங்க டாக்டர் இன்னார்"னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. அடிக்கக் கூடாதுன்னு சொன்னா நாய கூட்டிட்டு வெளிய வந்துடுங்க. பிரிண்ட் அடிச்சதுன்னா வேதவாக்குன்னு நம்ம ஜனங்க நினைக்கிறது எனக்கு எப்பவும் எரிச்சல். லைவ் கேமரா இருக்குன்னு சொல்றதையும் நம்பாதீங்க, நானும் எக்ஸ்ட்ரா காசு கட்டி அந்த ஆப்ப வாங்கினேன், லீவு முழுக்க ஒரு காலி தண்ணிக் கிண்ணத்தையும் சுவத்தையும்தான் பாத்துட்டு இருந்தேன்.

கேள்வி: ப்ரோ, இன்ஸ்டால பாத்து ஷிட்சூ குட்டி 18,000-க்கு வாங்கினேன், 40 நாள்னு சொன்னாங்க. அடுத்த வாரம் கோவா ட்ரிப். ரூம்மேட்கிட்ட விடுறேன், அவனுக்கு என்ன லெட்டர் குடுக்கணும்? தடுப்பூசி புக் எல்லாம் செல்லர் தரல. சோழிங்கநல்லூர்

லெட்டர் இருக்கட்டும் தம்பி, நீங்க என்ன வாங்கியிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கவே கூடாதுன்னு 2017 நாய் வளர்ப்பு விதியிலயே இருக்கு, நீங்க ஆறு வாரம்கூட முடியாதத வாங்கிட்டு வந்து, புக் இல்ல, பில் இல்ல, வித்தவன் அட்ரஸ் இல்ல, அப்புறம் கோவா. பார்வோன்னு குட்டிங்கள தாக்குற வைரஸ் வியாதி வந்தா இந்த வயசுல ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சுடும், உங்க ரூம்மேட் பாவம் குளுக்கோஸ் ஏத்துற செட்டுக்கும் நைட் எமர்ஜென்சிக்கும் நடுவுல ஓடிட்டு இருப்பான். ட்ரிப்ப தள்ளிப் போடுங்க. நாளைக்கே வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போங்க, அங்க செலவு கம்மி. அப்புறமும் கோவாதான்னா, மேல வேளச்சேரி அம்மாவுக்கு எழுதினத காப்பி பண்ணிக்கோங்க.

கேள்வி: ஆட்டோமேட்டிக் ஃபீடரும் கேமராவும் வாங்கி வச்சுட்டா பூனைய ஒரு வாரம் தனியா விட்டுட்டுப் போலாமா? திருச்சி

கூடாது. ஆண் பூனைக்கு மூத்திரம் அடைச்சா ஒன்னு ரெண்டு நாள்ல உசுருக்கே ஆபத்து, ஃபீடர் போய் டாக்டர கூப்பிடாது. என் ஃபீடர்ல இப்ப மாமியார் உளுந்து போட்டு வச்சிருக்காங்க, அதுக்காவது ஆச்சு.

கேள்வி: எங்க சிந்து மாட்ட பங்காளி ஒருத்தருக்கு வாரத்துக்கு, அதாவது பால்லயும் கன்னுலயும் பங்குக்கு வளக்க விட்டிருந்தேன். வயிறு உப்பியிருக்கு, உங்கள கேக்காம டாக்டர கூப்பிட்டா காசு தருவீங்களோ மாட்டீங்களோன்னு விடியிற வரைக்கும் இருந்துட்டாரு. மாடு போயிடுச்சு. அவரு மேல கேஸ் போடலாமா? இன்சூரன்ஸ் இருக்கு. திருவண்ணாமலை பக்கம்

அய்யா, மனசு கஷ்டமாயிருக்கு. ஆனா அவரு மேல கேஸ் வேண்டாம். மாட்ட குடுத்தப்ப பால்ல பங்கு பேசினீங்க, கன்னுல பங்கு பேசினீங்க, வைத்தியத்துக்கு யாரு கொடுப்பாங்கன்னு ரெண்டு பேருமே பேசல. இன்சூரன்ஸ உடனே கவனிங்க, கம்பெனிக்கு தகவல் சொல்லாம, கால்நடை டாக்டர் பாத்து சர்டிஃபிகேட் தராம புதைச்சிடாதீங்க, காது தோடு பத்திரம், அந்த டேக் இல்லேன்னா கிளெய்மும் இல்லன்னு மொகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க. பாலிசில இருக்கிற டேக் நம்பரும் காதுல இருக்கிற நம்பரும் ஒன்னான்னு பாருங்க, தோடு விழுந்து வேற போட்டிருந்தா அத கம்பெனிக்கு சொல்லியிருக்கணும்.

அடுத்த மாட்ட விடும்போது ஒரு பேப்பர்ல "சினை, உப்புசம், கோமாரி எதுன்னாலும் என்னக் கேக்க வேண்டாம், டாக்டர கூப்பிடு, செலவு என்னுது"ன்னு எழுதி அவரு கையில குடுங்க. 1962 நம்பரையும் அதுலயே எழுதுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் அது. காசப் பத்திப் பேசறதுக்கு கூச்சப்பட்டே நம்ம ஊர்ல பாதி மாடு சாவுது.

கேள்வி: விவாகரத்து ஆயிடுச்சு. நாய் என்கிட்ட, மாநகராட்சி லைசென்ஸ் அவரு பேர்ல. அவரு க்ளினிக்குக்கு போன் பண்ணி என்னக் கேக்காம எதுவும் பண்ணாதீங்கன்னு சொல்றாரு. அண்ணா நகர்

லைசென்ஸ உங்க பேருக்கு மாத்தப் பாருங்க, அவரு எழுதிக் குடுத்தா ஈசி. அதுவரைக்கும் தடுப்பூசி புக், பில், உணவு வாங்கின ரசீது எல்லாம் உங்க பேர்ல இருக்கறத ஒரு ஃபைலா க்ளினிக்ல குடுத்து வைங்க. அவருக்கு ஒரே ஒரு மெயில்: "அவசர சிகிச்சைக்கு நான் கையெழுத்து போடுவேன், உங்களுக்கு ஆட்சேபணைன்னா இந்த வாரத்துக்குள்ள எழுத்துல சொல்லுங்க, பாதி செலவும் அனுப்புங்க." செலவுன்னதும் நெறைய பேருக்கு அக்கறை கொறஞ்சுடும்.

கேள்வி: எனக்கு 74 வயசு, தனியா இருக்கேன், ரெண்டு பூனை. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு எல்லா அதிகாரமும் எழுதிக் குடுத்திருக்கேன். எனக்குப் பின்னாடியும் அது செல்லுமா? மயிலாப்பூர்

செல்லாதும்மா. இந்த மாதிரி அதிகாரக் கடிதம் எழுதினவங்க உசுரோட இருக்கற வரைக்கும்தான், பவர் பத்திரமே ஆனாலும் அப்படித்தான். பின்னாடிக்குன்னா உயில்ல எழுதணும். பூனை பேர்ல காசு எழுத முடியாது, அதுக்கு சொத்து வச்சுக்கிற உரிமை சட்டத்துல இல்ல. அந்தப் பொண்ணு பேர்ல பூனையையும், கூடவே அதுக்கு செலவுக்குன்னு ஒரு தொகையையும் எழுதுங்க. ரெண்டு சாட்சி கையெழுத்து கட்டாயம், அந்தப் பொண்ணையே சாட்சியா போட்டுடாதீங்க. 2024-ல ரத்தன் டாடா இறந்தப்ப அவரோட நாய பாத்துக்க உயில்ல ஏற்பாடு பண்ணியிருந்தாருன்னு பேப்பர்லயெல்லாம் வந்துதே, அதே வழிதான், உங்களுக்கு அவ்ளோ பெரிய வக்கீல் வேண்டாம். மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட சம்மதமான்னு கேட்டீங்களா? கடிதத்துல அத நீங்க சொல்லவே இல்ல.

கேள்வி: நாய்க்கு கன்சல்டேஷன், ஆபரேஷன் பில்லுல 18% ஜிஎஸ்டி போட்டிருக்காங்க. சரியா? மதுரை

தப்பு. கால்நடை க்ளினிக் பண்ற வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஷாம்பூ, தீவனம், குளிப்பாட்டினது தனி. பில்ல பிரிச்சுப் போடச் சொல்லுங்க, மறுத்தா 1915.