லிங்கன்ஷயரில் யார் பிறந்தார்கள் என்று கேட்ட மகனுக்கும் அம்மாவுக்கும்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். லிங்கன் வைத்தியசாலையில் தாதி வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் லண்டனில் இருக்கும் அக்கா "அங்கே உருளைக்கிழங்கு வயலும் கோவா (முட்டைக்கோஸ்) வயலும்தான், தமிழ் ஆட்களும் இல்லை, அந்த இடத்தில் ஒன்றும் இல்லை" என்று சொன்னதில் மனம் குழம்பிப்போய், வரலாமா, லண்டனிலேயே வேலை தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "ஆபிரகாம் லிங்கன் பிறந்த ஊரா அது? வேறு யார் அங்கே பிறந்தார்கள்?" என்று ஒன்பது வயது மகன் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விசா, வாடகை எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் மகனின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இருபது வருசத்துக்கு முன் நானும் இதைத்தான் கேட்டேன், அதற்குப் பதில் தேடிப் போனதில்தான் லிங்கன் நகரைச் சுற்றியிருக்கிற இந்த லிங்கன்ஷயர் மாவட்டம் எனக்குப் பழகியது.

முதலில் ஆபிரகாம் லிங்கன். அவர் பிறந்தது அமெரிக்காவில் கென்டக்கியில், 1809-இல். அவருடைய முன்னோர் இங்கிலாந்திலிருந்து போனவர்கள்தான், ஆனால் லிங்கன்ஷயரிலிருந்து அல்ல, பக்கத்து நோர்போக்கிலிருந்து. அதே 1809-இல் லிங்கன்ஷயரில் பிறந்தவர் வேறொருவர், கவிஞர் டெனிசன். சோமர்ஸ்பி என்ற சின்னக் கிராமத்துப் பாதிரியாரின் மகன். லிங்கன் பேராலயத்துக்கு வெளியே தன் நாயோடு நிற்கிற அவருடைய பெரிய சிலையை மகன் வந்த முதல் வாரமே பார்த்துவிடுவான்.

ஆனால் மகனுக்கு முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஐசக் நியூட்டன். கிரான்தம் நகரிலிருந்து தெற்கே போனால் வூல்ஸ்தோர்ப் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கல் வீட்டில், அந்தக் காலத்து நாட்காட்டிப்படி 1642 நத்தார் தினத்தன்று பிறந்தார். குறைமாதப் பிள்ளை, பெரிய குவளைக்குள் வைத்துவிடலாம் போல இருந்ததாகப் பிற்காலத்தில் சொல்லப்பட்டது. பிறப்பதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே தகப்பன் இறந்துவிட்டார். பிள்ளைக்கு மூன்று வயதானபோது தாய் மறுமணம் செய்து பக்கத்து ஊருக்குப் போக, அவன் அம்மம்மாவோடு நின்றான். பிறகு தாய் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வயலைப் பார்க்கச் சொன்னார். பள்ளி ஆசிரியரும் தாய்மாமனும் விடாமல் பேசித்தான் திரும்பப் படிக்க அனுப்பினார்கள். கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1665-இல் கொள்ளைநோய் வந்து பல்கலைக்கழகத்தை மூடியதும் வீட்டுக்கு வந்தார். வெளிச்சத்தைப் பட்டகத்தால் பிரித்துப் பார்த்ததும், ஆப்பிள் விழுவதைப் பார்த்து யோசித்ததும் அந்தக் காலத்தில், அந்த வீட்டில்தான். அந்த மரம் 1820 வாக்கில் புயலில் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே மறுபடி வேர்விட்டு, இன்றைக்கும் காய்க்கிறது. என் மகளை ஏழு வயதில் அங்கே கூட்டிப்போனேன். மரத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். மேல்மாடி அறையில்தான் நெடுநேரம் நின்றாள், "இது சும்மா ஒரு வீடு அப்பா" என்றாள். எனக்கும் அதுதான் பட்டது, மிகச் சாதாரணமான ஒரு வீடு.

அப்புறம் ஜோர்ஜ் பூல். உங்கள் கணவர் கணினி வேலை செய்கிறவர் என்று எழுதியிருந்தீர்கள், பூலியன் என்ற சொல் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தப் பெயருக்கு உரியவர் 1815-இல் லிங்கன் நகரிலேயே பிறந்தவர். தகப்பன் சப்பாத்து தைக்கிறவர், தொழிலைவிடத் தொலைநோக்கி செய்வதில் ஆசை அதிகம், அதனால் வருமானமும் குறைவு. பூலுக்குப் பல்கலைக்கழகம் போக வாய்ப்பில்லை. 16 வயதில் குடும்பத்துக்காக ஆசிரியர் வேலைக்குப் போனார், கிரேக்கம், பிரெஞ்சு, ஜேர்மன் எல்லாம் தானாகவே படித்தார், 20 வயது ஆகுமுன் லிங்கனில் சொந்தமாகப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். ஒரு பட்டம்கூட இல்லாதவரை 1849-இல் அயர்லாந்தின் கோர்க் நகரக் கல்லூரி கணிதப் பேராசிரியராக எடுத்தது. சரி பிழை என்ற இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுகிற முறையை அவர் எழுதி, கிட்டத்தட்ட நூறு வருசம் கழித்துத்தான் 1937-இல் குளோட் ஷானன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் அதை மின்சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டினார். இப்போது நீங்கள் இதை வாசிக்கிற போனுக்குள் ஓடுவதும் அந்தக் கணக்குத்தான். பூலின் மனைவி மேரி, எவரெஸ்ட் மலைக்குப் பெயர் தந்த ஜோர்ஜ் எவரெஸ்டின் சகோதரர் மகள். லிங்கன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் இரண்டு பிள்ளைகளோடு பூல் நிற்கிற சிலை இருக்கிறது. பெட்டியோடு வந்து இறங்கும்போது ஒரு நிமிசம் நின்று பாருங்கள்.

பிரித்தானியப் பிரதமராக இருந்த மார்கரெட் தட்சரும் இந்த மாவட்டத்தவர்தான். 1925-இல் கிரான்தத்தில், தகப்பனின் பலசரக்குக் கடைக்கு மேலிருந்த வீட்டில் பிறந்தார். இவரைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. வேலைத்தளத்தில் இந்தப் பெயர் வந்தால் முதலில் மற்றவர் சொல்வதைக் கேளுங்கள். சிலருக்கு அவர் ஊரின் பெருமை. அவர் ஆட்சியில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டதால், பக்கத்து நொட்டிங்காம்ஷயர் சுரங்கக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பெயர் ஆறாத காயம். 2022-இல் கிரான்தத்தில் அவருக்குச் சிலை வைத்த அன்றைக்கே முட்டை எறிந்தார்கள். அதே திடலில் நியூட்டனுக்கும் சிலை இருக்கிறது.

எனக்கு மிக நெருக்கமான பெயர் வேறு. நான் மட்டக்களப்பு. புளியந்தீவில் மெதடிஸ்த மத்திய கல்லூரி மதிலோரமாக எத்தனையோ வருசம் நடந்தவன், நாங்கள் சைவக் குடும்பம் என்பதால் மெதடிஸ்த என்றால் என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இங்கே வந்து இரண்டாம் வருசம், ஒரு நோயாளியைக் கொண்டுபோய் விடுகிற வேலையாக மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் எப்வர்த் என்ற ஊருக்குப் போனேன். அங்கே ஒரு பழைய செங்கல் வீட்டின் முன்னால் பலகை: ஜோன் வெஸ்லி வளர்ந்த இடம். 1703-இல் அந்த ஊரில் பிறந்தவர். 1709-இல் வீடு தீப்பிடித்தபோது ஐந்து வயதுப் பிள்ளை மாடியில் தனியே அகப்பட்டுக்கொள்ள, அயலவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று யன்னல் வழியாக இறக்கினார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து தொடங்கியதுதான் மெதடிஸ்த என்ற கிறிஸ்தவ இயக்கம். அவர் இறந்து 23 வருசத்தில், 1814-இல், அந்த இயக்கத்தின் மிசனரிகள் இலங்கையில் கரையிறங்கினார்கள், அவர்களில் வில்லியம் ஓல்ட் என்பவர் மட்டக்களப்புக்கு வந்து அந்தப் பள்ளியைத் தொடங்கினார். நான் நடந்த மதிலின் தொடக்கம் இந்த ஊரில் ஒரு யன்னல்! அன்றைக்கு வாகனத்தைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கனநேரம் இருந்தேன். இரண்டு வருசமாக யாருமே இல்லாத இடத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது.

கடலோடிகளும் இந்தத் தட்டை நிலத்திலிருந்துதான் நிறையப் பேர் போயிருக்கிறார்கள். டொனிங்டனில் 1774-இல் பிறந்த மத்தேயு பிளிண்டர்ஸ் அவுஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றிவந்து வரைபடம் போட்டவர், அந்தப் பெயர் நிலைக்கவும் முக்கிய காரணம் அவர்தான். பிரிந்து இருக்கிறவர்களுக்கு இவருடைய கதை வேறு மாதிரி விளங்கும். 1801 ஏப்ரலில் கல்யாணம், ஜூலையில் கப்பல். திரும்பி வரும் வழியில் மொரீசியசில் பிரெஞ்சுக்காரர் பிடித்து ஆறு வருசத்துக்கு மேல் தடுத்து வைத்ததால் மனைவி ஆன் அவரைத் திரும்பப் பார்த்தது 1810-இல். நாலு வருசத்தில் ஆள் போய்விட்டார், நாற்பது வயது. லண்டனில் புதைத்த இடம் ரயில் நிலைய விரிவாக்கத்தில் காணாமல் போய், 2019-இல் யூஸ்டன் பக்கம் தோண்டும்போது பெட்டியிலிருந்த ஈயத் தகட்டை வைத்து அடையாளம் கண்டார்கள். 2024 ஜூலையில் டொனிங்டனுக்குக் கொண்டுவந்து, சொந்த ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஊரைவிட்டுப் போன ஒருவரை, அவர் இறந்து 210 வருசம் கழித்துத் திரும்பக் கூட்டிவந்த ஊர் இது. அவரோடு இளம் பையனாகக் கப்பலேறிய ஜோன் பிராங்க்ளின் ஸ்பில்ஸ்பியில் பிறந்தவர், 1845-இல் இரண்டு கப்பல்களோடு ஆர்க்டிக் போய்த் திரும்பவே இல்லை. டெனிசனின் மனைவி அந்த பிராங்க்ளினின் சகோதரி மகள். எல்லாம் எங்கள் ஊர்களைப் போலச் சொந்தத்துக்குள் சொந்தம்தான்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? இங்கே பிறந்த இந்த ஆட்கள் எல்லோரும் இங்கிருந்து வெளியே போனவர்கள். மாறாக, இந்த ஊர்க்காரர் தங்கள் ஆள் என்று கொண்டாடுகிற சிலர் இங்கே பிறக்காதவர்கள். கடற்பயணத்துக்கு மணிக்கூடு செய்த ஜோன் ஹரிசன் பிறந்தது யோர்க்ஷயரில், சின்ன வயதில் வந்து ஹம்பர் ஆற்றங்கரையில் வளர்ந்தவர். ஸ்கம்ப்டன் விமானத் தளத்திலிருந்து 1943-இல் ஜேர்மன் அணைகளை உடைக்கப் போன படையின் தலைவர் கை கிப்சன் பிறந்தது இந்தியாவில், சிம்லாவில். லிங்கனின் புனிதர் ஹியூ பிரெஞ்சு நாட்டுப் பக்கம் அவலோனில் பிறந்தவர், 1186-இல் இங்கே ஆயராகி, நிலநடுக்கத்தில் இடிந்த பேராலயத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கியவர். ஊர்ச் சனத்தின் மொழியைப் பேசி வளராத ஆள். 800 வருசத்துக்கு மேலாக அவர் லிங்கனின் ஹியூ. அதனால் அக்கா சொல்வதுபோல ஒன்றும் இல்லாத இடத்துக்கு வருகிறோம் என்று நினைக்காதீர்கள்.

இனி வாழ்க்கை விசயம். அக்கா சொன்னதில் பாதி சரி. கோவா வயல் உண்டு, குளிர்காலக் காற்றைத் தடுக்க ஒரு மேடுகூட இல்லாத இடங்கள் உண்டு, கார் இல்லாமல் நகருக்கு வெளியே இருப்பது கஷ்டம், பஸ் குறைவு. அதனால் முதல் வருசம் நகருக்குள்ளேயே வீடு எடுங்கள். சாமான் வாங்க நாங்கள் மாதம் ஒருமுறை லெஸ்டர் போவோம். முருங்கைக்காய், கருவேப்பிலை எல்லாம் அங்கே வாங்கி வந்துவிடலாம், அரிசி பருப்பு இங்கேயே கிடைக்கும். தமிழ்க் குடும்பங்கள் குறைவுதான், ஆனால் வைத்தியசாலையில் கேரளத்துத் தாதிகள் நிறைய, இரண்டாம் நாளே உங்களைக் கண்டுபிடித்துச் சாப்பாடு தந்துவிடுவார்கள். வயதான நோயாளிகள் உங்களை "டக்" என்று கூப்பிடுவார்கள். தாரா என்று ஏன் சொல்கிறார்கள் என்று மனம் நோக வேண்டாம், இங்கே அது "பிள்ளை", "ராசாத்தி" என்பதுபோல அன்பான சொல். தங்களைத் தாங்களே மஞ்சள் வயிற்றுக்காரர் என்பார்கள், இங்கே பிறந்தவர்களுக்கு அதுதான் செல்லப்பெயர்.

இரவுக் கடமையில் யாரோடும் அதிகம் பேசாத கிழவர் ஒருவரிடம் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேளுங்கள். ஸ்பில்ஸ்பி என்றால் பிராங்க்ளின் பெயரைச் சொல்லுங்கள், டொனிங்டன் என்றால் பிளிண்டர்ஸ். தன் சின்ன ஊரின் பெயர் தூர தேசத்திலிருந்து வந்த பிள்ளைக்குத் தெரியும் என்றதும் அந்த முகம் மாறுவதை நான் பலதரம் பார்த்திருக்கிறேன்.

மகனின் படிப்பில் ஒன்றை மட்டும் பிந்த விடாதீர்கள். இங்கிலாந்தின் பல இடங்களில் இல்லாத ஒன்று லிங்கன்ஷயரில் இன்னும் இருக்கிறது, பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற அரசாங்க கிராமர் பள்ளிகள். பரீட்சைக்குப் பெயர் இலெவன் பிளஸ், நம் ஊர் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் போல. ஆறாம் ஆண்டு தொடங்கும் செப்டம்பரில் வரும், அதற்கு முன்பே பதிய வேண்டும், ஒக்டோபர் 31-க்குள் பள்ளி விண்ணப்பம். நியூட்டன் படித்த கிங்ஸ் பள்ளியும் தட்சர் படித்த பெண்கள் பள்ளியும் இன்றைக்கும் கிரான்தத்தில் இந்த வகைப் பள்ளிகள்தான். லிங்கன் நகருக்குள் அப்படி இல்லை, ஸ்லீபோர்ட் மாதிரிப் பக்கத்து ஊர்களுக்குப் போக வேண்டும், போக்குவரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். மகன் அந்தப் பரீட்சையில் தேறாவிட்டாலும் பிழையில்லை, நகரில் நல்ல பொதுப் பள்ளிகள் இருக்கின்றன, என் மகள் அப்படி ஒன்றில் படித்துத்தான் இப்போது மருந்தாளராக வேலை செய்கிறாள்.

லண்டனில் இதே சம்பளமும் கொஞ்சம் கூடுதலான படியும் கிடைத்தாலும் நீங்கள் ஒரு அறையில்தான் இருப்பீர்கள், இங்கே அதைவிடக் குறைந்த செலவில் மகனுக்குத் தனி அறையும் சின்னத் தோட்டமும் உள்ள வீடு எடுக்கலாம். அக்காவைப் பார்க்க நேரடி ரயிலில் இரண்டு மணித்தியாலம்தான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வருவேன்.

எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள். செப்டம்பர், ஒக்டோபர் என்றால் நல்லது, வூல்ஸ்தோர்ப் மரத்தில் காய் இருக்கும். எங்கள் காரில் இடம் இருக்கிறது, மகனுக்கு மட்டும் சேறு பட்டாலும் பரவாயில்லாத சப்பாத்து ஒன்று எடுத்து வையுங்கள்.