மரத்தடி ஹோஸ்டா ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துப்போவது ஏன்?

கேள்வி: மேப்பிள் மரத்தடியில், இலை அழகுக்காக வளர்க்கும் ஹோஸ்டா செடிகள் ஐந்து வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு முழங்கால் உயரம் வந்தவை, இப்போது ஒரு சாண்தான் நிற்கின்றன. இலையெல்லாம் ஓட்டை. உரம் போட்டும் தேறவில்லை. குளிர்காலத்தில் பனி உறையும் இடம்தான். நிழல்செடி என்று சொல்லித்தானே விற்கிறார்கள்? எங்கே தவறு?

பதில்: நிழல்மேல் குற்றமில்லை. உரத்தை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் செடிக்குத் தாகம். நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் போடும் உரத்தையும் மேப்பிள் மரம் எடுத்துக்கொள்கிறது.

ஹோஸ்டாவை நிழலை விரும்பும் செடி என்பதைவிட, நிழலைத் தாங்கும் செடி என்பதே சரி. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் ஓடைக்கரை, காட்டோரம், ஈரம் கசியும் பாறைச்சரிவு போன்ற இடங்களில் இது தானாக வளர்கிறது. அங்கே நிழலும் உண்டு, கோடையில் நிறைய மழையும் உண்டு. மரத்தடி நிழல் அப்படியல்ல. அடர்ந்த கிளைகள் மழையைத் தடுக்கும். தப்பி விழுவதைச் சல்லிவேர்கள் உறிஞ்சிவிடும். மேப்பிள், பிர்ச் இரண்டும் இதில் மோசமானவை. ஆழமாக வேர்விடும் ஓக் மரத்தடி எவ்வளவோ மேல்.

முதல் ஆண்டு மட்டும் நன்றாக வந்ததற்கும் காரணம் உண்டு. இந்த ஆண்டு வரும் இலையின் எண்ணிக்கையும் அளவும் போன கோடையில் தூரில் சேர்ந்த சேமிப்பைப் பொறுத்தவை. அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளும் அப்போதே உருவாகிவிடும். நீங்கள் முதல் ஆண்டு பார்த்தது நாற்றங்காலில் சேர்ந்த கையிருப்பு. அதன்பின் செலவுதான், வரவு இல்லை. கோடை கடைசியில் தண்ணீர் விட மறந்தால் அதன் விளைவு அடுத்த வசந்தத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை.

நாங்கள் சொல்வதை நம்புவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். தூரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்கி, ஒரு மண்கட்டியைப் பெயர்த்தெடுங்கள். ஹோஸ்டா வேர் வெளிர்நிறத்தில், சணல் கயிறு பருமனில், அதிகம் கிளைக்காமல் நீண்டிருக்கும். மேப்பிளின் வேர் பழுப்பு நிறம். சிக்குப் பிடித்த தலைமுடிபோல மண்ணையே பின்னிக்கொண்டிருக்கும். கட்டியை உதறினாலும் மண் உதிரவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. அடுத்தது, அடுத்த மழைக்கு முன் ஒரே அளவுள்ள இரண்டு காலி டப்பாக்களை எடுத்து ஒன்றை மரத்தடியிலும் ஒன்றைத் திறந்த வெளியிலும் வையுங்கள். மழை விட்டதும் இரண்டிலும் உள்ள தண்ணீரை அளந்து பாருங்கள்.

சந்தேகம் தீர்ந்ததா? அப்படியானால் ஐந்து தூர்களையும் தோண்டியெடுக்க வேண்டியதுதான். இடத்தை மாற்றாமல் மேலே எதைக் கொட்டினாலும் அது மரத்துக்கே போகும். வசந்த காலத்தில் குருத்துகள் கூர்மூக்குபோல 3 முதல் 5 செ.மீ. நீட்டும்போது எடுப்பது சிறந்தது. இலை விரிந்திருக்காது என்பதால் வாட்டமும் இருக்காது. தவறவிட்டால் கோடை தணிந்து, முதல் உறைபனிக்கு ஆறு வாரமாவது இருக்கும்போது எடுக்கலாம். தூரைச் சுற்றி வட்டமாக வெட்டி, அடியில் நெம்பித் தூக்குங்கள். தண்ணீர்த் தொட்டியில் அரைமணி நேரம் ஊறவைத்தால் மரவேர்கள் தளரும். விரலால் கோதி ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். ஹோஸ்டாவின் வேரில் அழுகிக் கொழகொழத்ததை மட்டும் கத்தரித்தால் போதும். இந்த நேரத்தில் தூரைப் பிரிக்க ஆசை வரும். இளைத்த செடியைப் பிரிக்காதீர்கள். நன்றாகத் தேறியபின் பிரிக்கும்போதும் ஒரு துண்டுக்கு இரண்டு மூன்று குருத்தாவது இருக்கட்டும்.

எங்கே வைப்பது? மரக்கிளைகள் பரந்திருக்கும் எல்லைக்கு வெளியே, காலையில் மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் வெயில் விழும் இடம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. ஹோஸ்டாவின் வேர் கீழே போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் ஓடும். அதனால் நடுத்தர ரகத்துக்கு 30 செ.மீ. ஆழமும் 75 செ.மீ. அகலமும் உள்ள குழி வெட்டுங்கள். தோண்டிய மண்ணில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நன்கு மக்கிய எருவோ இலைமக்கோ கலந்துகொள்ளுங்கள். குழியின் நடுவில் சிறு மேடு கட்டி, அதன்மேல் தூரை உட்காரவைத்து, வேர்களைக் குடைக்கம்பிபோல் சுற்றிலும் விரித்து மண் தள்ளுங்கள். குருத்து கிளம்பும் இடம் மண்மட்டத்தோடு இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அழுகும், மேலே தூக்கி நின்றால் காய்ந்துவிடும். மண்ணின் அமில காரத்தன்மை (pH) 6 முதல் 7 வரை இருந்தால் போதும். அதற்காக அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வடிகால்தான் முக்கியம். குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கும் குழியில் எந்த ஹோஸ்டாவும் நிலைக்காது.

மரத்தடியில்தான் வேண்டும் என்றால் தொட்டியில் வளர்ப்பதையே பரிந்துரைப்போம். நடுத்தர ரகத்துக்கு 35 செ.மீ. வாயகலமுள்ள தொட்டி சரியாக இருக்கும். அதை நேரடியாக மண்மேல் வைக்காதீர்கள். அடித்துளை வழியாக மரவேர் உள்ளே ஏறிவிடும். ஓடு அல்லது செங்கல்மேல் வைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் தொட்டி ஹோஸ்டாவைக் கொல்வது பெரும்பாலும் குளிரல்ல, தேங்கும் ஈரம்தான். இலை உதிர்ந்ததும் தொட்டியைக் கூரைத் தாழ்வாரத்தின் கீழ் நகர்த்தலாம். முடியாவிட்டால் பக்கவாட்டில் சாய்த்துவைத்தாலும் போதும். மரத்தைச் சுற்றி ஓரடி உயரத்துக்கு மண் கொட்டிப் பாத்தி கட்டுவதைச் சிலர் செய்கிறார்கள். வேண்டவே வேண்டாம். மரவேருக்கு மூச்சு முட்டும், ஓரிரு ஆண்டில் அந்தப் புதுமண்ணையும் மரமே பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

வளரும் பருவத்தில் வாரத்துக்கு 25 மி.மீ. தண்ணீர் தேவை. சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடும் வெயிலில் கூடுதலாக வேண்டும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரத்தில் இரண்டு முறை வேர்வரை நனையும்படி ஊற்றுவது நல்லது. காலையில், அடிமண்ணில் ஊற்றுங்கள். மாலையில் இலைமேல் தண்ணீர் அடிப்பது இரவில் நத்தைக்கு வழி போட்டுக்கொடுப்பதுதான். மூடாக்கு 5 செ.மீ. கனம் போதும், தூரைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலம் வெறுமனே விடுங்கள்.

உங்கள் இரண்டாவது பிரச்சினை ஓட்டை. ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே ஆளைப் பிடித்துவிடலாம். இலையின் நடுவில், நரம்புகளுக்கு இடையே ஒழுங்கற்ற ஓட்டைகளும் காய்ந்த வெள்ளித் தடமும் இருந்தால் நத்தை, பெரும்பாலும் ஓடில்லாத நத்தை. விளிம்பில் மட்டும் பயணச்சீட்டைக் கத்தரித்ததுபோல அரைவட்டங்கள் இருந்தால் கூன்வண்டு. அதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும் என்பதால் அதுதான் அதிக ஆபத்து. இலையே இல்லாமல் காம்பு மட்டும் நின்றால் மான். அதற்கு வேலியைத் தவிர வேறு நல்ல மருந்தில்லை.

நத்தைக்கு மருந்து போடுவதில் பெரும்பாலோர் தாமதித்துவிடுகிறார்கள். சுருட்டிய குருத்தை நத்தை ஒரே கடி கடித்தாலும் அது பல மடிப்புகளைத் துளைத்துவிடும். இலை விரியும்போது வரிசையாக நாலைந்து ஓட்டைகள் தெரியும். ஹோஸ்டாவின் இலைகளில் பெரும்பகுதி வசந்தத்திலேயே துளிர்த்துவிடும் என்பதால் அந்த ஓட்டைகள் பருவம் முழுக்கக் கூடவே இருக்கும். ஆகவே மண்ணில் மூக்கு தெரியும் அன்றே இரும்பு பாஸ்பேட் குருணையைத் தூவுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், ஆனால் அது போதும். குவியலாகப் போட்டுப் பயனில்லை. மழைக்குப்பின் மறுபடி தூவ வேண்டும். இரவில் டார்ச் வெளிச்சத்தில் பொறுக்குவதும், பலகைத் துண்டைப் போட்டுவைத்துக் காலையில் புரட்டிப் பார்ப்பதும் கூடுதல் பலன் தரும். இலையுதிர்காலத்தில் சரிந்த இலைகளை அள்ளிவிட்டால் முட்டைகளுக்கு ஒளிவிடம் குறையும். இன்னொன்று, கெட்டி இலை ரகங்களை நத்தைகள் அவ்வளவாக விரும்புவதில்லை. 'ஹால்சியன்', 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்', சிறியதில் 'ப்ளூ மவுஸ் இயர்ஸ்' ஆகியவை புதிதாக வாங்குவோருக்கு ஏற்றவை.

புதிய இடத்தில் எந்த அளவுக்கு வெயில் என்பதை இலையின் நிறத்தை வைத்து முடிவு செய்யுங்கள். நீல இலை உண்மையில் பச்சைதான். மேலே இருக்கும் மெழுகுப்பூச்சுதான் நீலமாகக் காட்டுகிறது. விரலால் அழுத்தித் தேய்த்தால் பச்சை வெளிவரும். உச்சிவெயிலும் அந்த மெழுகை அழித்துவிடும் என்பதால் நீல ரகங்களுக்கு அதிக நிழல் வேண்டும். பொன்னிற ரகங்களுக்குக் காலை வெயில் பட்டால்தான் நிறம் ஏறும். வெள்ளைப் பகுதியில் பச்சையமே இல்லை. அதிகம் வெள்ளையுள்ள இலை பிற்பகல் வெயிலில் கருகும், காரிருட்டில் வளராது. இருநிறச் செடியில் முழுப்பச்சை இலைகள் தனியாகக் கிளம்பினால் அந்தக் குருத்தைத் தூரோடு சேர்த்து வெட்டியெடுங்கள். விட்டால் அதுவே வலுத்து மற்றதை அமுக்கிவிடும்.

செடிகளைத் தோண்டி வெட்டப்போகிறீர்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை. 1996இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அடையாளம் காணப்பட்ட 'ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்' செடிச்சாறு வழியாகத்தான் பரவுகிறது. அதாவது, உங்கள் கத்தி வழியாக. ஈரத்தாளில் மை ஊறியதுபோல நரம்போரம் நிறம் கசிந்திருக்கிறதா, இலைத்திசு அங்கங்கே சுருங்கித் தடித்திருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன் பாருங்கள். இருந்தால் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், மக்குக்குழியில் போடாதீர்கள். மருந்து கிடையாது. மண்ணில் மிச்ச வேர் முற்றிலும் மக்கும்வரை அங்கே வேறு ஹோஸ்டா வைக்காதீர்கள். சந்தேகம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தூருக்கும் இடையே கத்தியைச் சோப்பால் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியால் துடைத்துவிடுங்கள்.

கோடைப் பிற்பகுதியில் நரம்புகளுக்கு இடையே பட்டைபட்டையாகப் பழுப்பு ஓடினால் அது இலை நூற்புழு. நனைந்த இலைகள் ஒன்றையொன்று உரசும்போது அது பரவும். இலைகள் அடியிலேயே அழுகிக் கையோடு வந்து, தூரில் வெண்பூஞ்சையும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரிந்தால் தூரழுகல். அந்த மண்ணையும் சேர்த்து அகற்ற வேண்டும்.

உங்கள் இடத்தில் பனி உறைவது நல்லதே. இலையுதிர்ந்தபின் ஆறு வாரமாவது சுமார் 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறங்காத ஹோஸ்டாவும் இதேபோல ஆண்டுதோறும் இளைத்துத்தான் போகும். குளிர்காலமே இல்லாத இடத்தில் இருப்பவர்கள் இதில் பணம் செலவழிக்காமல் இருப்பதே நல்லது. மிதமான குளிருள்ளவர்கள் 'பிளான்டாஜினியா' இனத்தையும் அதன் வழிவந்த 'ராயல் ஸ்டாண்டர்டு', 'குவாக்கமோலி' ரகங்களையும் முயன்று பார்க்கலாம். வெப்பத்தை இவை மற்றவற்றைவிடத் தாங்கும், பூவுக்கு நல்ல மணமும் உண்டு. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கவனம்: ஹோஸ்டா இலை அவற்றுக்கு நஞ்சு, தின்றால் வாந்தி எடுக்கும்.

மாற்றி வைத்த முதல் ஆண்டில் இலை பெரிதாகவில்லையே என்று உரமூட்டையைத் திறக்காதீர்கள். அந்த ஆண்டு வேர் பிடிக்கும் வேலைதான் நடக்கும். இரண்டாம் வசந்தத்தில் மெதுவாகக் கரையும் சமச்சீர் உரத்தை ஒரு முறை போடலாம். கோடை நடுப்பகுதிக்குப் பின் எதுவும் வேண்டாம், கடைசிநேரத் தளிர்கள் உறைபனியில் கருகும். அந்த வசந்தத்தில் பார்க்க வேண்டியது இலையின் அகலத்தை அல்ல. மண்ணைத் துளைத்து வரும் மூக்குகளை எண்ணுங்கள். போன ஆண்டைவிட ஒன்றிரண்டு கூடியிருந்தால் செடி பிழைத்தது. அதே எண்ணிக்கையோ குறைவோ என்றால் மறுபடி ஒரு மண்வெட்டிக் கட்டியைப் பெயர்த்து, உள்ளே பழுப்புச் சல்லிவேர் எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள்.